நேவிகேஷனுக்காக டாப் வேரியன்ட் வாங்கலாமா? 60 ஆயிரம் 1.20 லட்சம் ஆகும் கணக்கு



"சார், நடு வேரியன்ட் 9.80 லட்சம். டாப் வேரியன்ட்ல நேவிகேஷன் உள்ளேயே வருது, 10.40 லட்சம். 60 ஆயிரம்தானே வித்தியாசம், எடுத்துடலாமா?"

கார் லோன் பற்றி வீடியோ போட்டதிலிருந்து நமக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். கார் பேர் மாறும், ஊர் மாறும், கேள்வி மாறாது. வீடியோவில் எல்லா எண்களையும் நிறுத்தி நிதானமா காட்ட முடியலை. அதனால இங்கே எழுதுறேன். பேப்பர், பேனா எடுத்துக்கிட்டுப் படிச்சா இன்னும் நல்லது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வழி காட்டும் மேப்புக்காக காரில் ஒரு ரூபாய்கூட அதிகமா கொடுக்காதீங்க. அந்த மேப்பைப் பாதுகாப்பா பார்க்கவும் கேட்கவும் ஒரு வசதி வேணும்னா அதுக்குக் கொடுங்க. அது வேற செலவு, ரொம்பச் சின்ன செலவு. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் ஷோரூம்ல நம்ம கிட்ட லட்சத்தை வாங்குறாங்க.

அந்த 60 ஆயிரம் உண்மையில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் கார் வாங்குறவங்க எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்க வேண்டிய ஒரு எண், 10 லட்சம். 2023 நவம்பரில் சாலை வரி மாறினதிலிருந்து நம்ம மாநிலத்தில் புது காருக்கு ஆயுள் வரி இப்படித்தான்: 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல 20%.

இங்கே பலருக்கும் ஒரு தப்பான நினைப்பு இருக்கு. வருமான வரி மாதிரி, 10 லட்சத்தைத் தாண்டின தொகைக்கு மட்டும்தான் 18% என்று நினைக்கிறாங்க. அப்படி இல்லை. கோட்டைத் தாண்டினா முழு விலைக்கும் 18%. இப்போ கணக்குப் போடலாம்.

9,80,000 ரூபாய் கார்: 13% வரி, 1,27,400 ரூபாய்.
10,40,000 ரூபாய் கார்: 18% வரி, 1,87,200 ரூபாய்.
வரியில் மட்டும் வித்தியாசம்: 59,800 ரூபாய்.

கவனிச்சீங்களா? விலையில் 60,000 ஏறினா வரியில் இன்னொரு 59,800 ஏறுது. ரெண்டும் சேர்ந்து 1,19,800 ரூபாய். சேல்ஸ்மேன் உங்ககிட்ட சொன்னது முதல் பாதி மட்டும்தான். அவர் பொய் சொல்லலை. ஆனா ஆன்-ரோடு விலையை ரெண்டு வேரியன்ட்டுக்கும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டவும் இல்லை.

அடுத்து டிசிஎஸ். 10 லட்சத்துக்கு மேல கார் வாங்கினா, டீலர் 1% வரியை உங்ககிட்ட வசூல் பண்ணி வருமான வரித் துறைக்குக் கட்டணும். நம்ம உதாரணத்தில் 10,400 ரூபாய். இது செலவு இல்லை. ரிட்டர்ன் போடும்போது வரியில் கழிச்சுக்கலாம், வரி இல்லைன்னா ரீஃபண்ட் வாங்கலாம். சம்பளக்காரங்க கம்பெனியில் சொல்லி சம்பளத்தில் பிடிக்கிற வரியோடகூட சரிக்கட்டிக்கலாம். ஆனா கார் எடுக்குற அன்னிக்கு அந்தப் பணம் உங்க கையை விட்டுப் போகும். ரிட்டர்னில் கேட்க மறந்தா அது நிஜமாவே செலவாயிடும். கேட்காம விட்டவங்க நிறைய பேர் இருக்காங்க.

இதோட இன்சூரன்ஸ் பிரீமியமும் கார் மதிப்பு ஏற ஏற கொஞ்சம் ஏறும். அதை விட்டுடுவோம்.

இந்த 1.20 லட்சத்தை கையில இருந்தா கொடுக்கப் போறீங்க? பெரும்பாலும் லோன்லதான் சேரும். 9% வட்டி, 7 வருஷம்னு வெச்சா மாசம் சுமார் 1,930 ரூபாய் இஎம்ஐ கூடும். 84 மாசத்துக்கு மொத்தம் சுமார் 1,62,000 ரூபாய். இதே 1,930 ரூபாயை மாசா மாசம் எஸ்ஐபி போட்டு, ஆண்டுக்கு 10% கிடைச்சா, 7 வருஷ முடிவில் சுமார் 2.35 லட்சம் நிற்கும். 10% உறுதி இல்லை, அது ஒரு அனுமானம்தான். 10% வராம போனாலும், ஏழு வருஷம் கழிச்சு அந்த கார் ஸ்கிரீனுக்கு என்ன மதிப்பு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். 22 செப்டம்பர் 2025 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகக் குறைஞ்சிருக்கு. முன்னாடி 28% வரியும் அதுக்கு மேல செஸ்ஸும் இருந்தது. அதனால 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல இருந்த பல வேரியன்ட் கோட்டுக்குக் கீழே வந்திருக்கு. பழைய விலைப் பட்டியலை வெச்சு முடிவு பண்ணாம, இன்னைக்கு எக்ஸ்-ஷோரூம் விலை என்னன்னு பார்த்துட்டு இந்தக் கணக்கைப் போடுங்க. உங்க ரெண்டு வேரியன்ட்டும் கோட்டுக்கு ஒரே பக்கம் இருந்தா வலி குறைவு. அப்பவும் 60,000 ரூபாய்க்கு 13% என்றால் 7,800 ரூபாய் வரி கூடத்தான் செய்யும்.

மேப்புக்கு ஏன் காசு கொடுக்கக் கூடாது?

ஜிபிஎஸ் என்பது அமெரிக்க அரசாங்கம் நடத்துற சாட்டிலைட் சேவை. யார் வேணும்னாலும் இலவசமா அந்த சிக்னலை வாங்கிக்கலாம். சாதாரண மக்களுக்குக் கிடைக்கிற சிக்னலின் துல்லியத்தை வேணும்னே குறைச்சு வெச்சிருந்தாங்க. 2000ஆம் வருஷம் மே மாசம் அந்தக் கட்டுப்பாட்டையும் நீக்கிட்டாங்க. இன்னைக்கு உங்க போன்ல இருக்கிற சிப் அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ என்று பல கூட்டங்களின் சிக்னலைப் பிடிக்குது. சில போன்கள் நம்ம இஸ்ரோவின் நாவிக்கையும் பிடிக்கும். அதாவது "நான் எங்கே இருக்கேன்" என்ற கேள்விக்குப் பதில், 15 ஆயிரம் ரூபாய் போனிலும் 15 லட்சம் ரூபாய் காரிலும் ஒரே வானத்திலிருந்து, ஒரே இலவச விலையில்தான் வருது.

மிச்சம் இருக்கிறது மேப். அதுக்கு ஒரு காலத்தில் நிஜமாவே நல்ல விலை இருந்தது. கார்மின், டாம்டாம் மாதிரி கம்பெனிகள் டேஷ்போர்டில் ஒட்டுற கருவியை வித்து நல்லா சம்பாதிச்சாங்க. டாம்டாம் 2008இல் டெலி அட்லஸ் என்ற மேப் கம்பெனியை 2.9 பில்லியன் யூரோ கொடுத்து வாங்கினது. அடுத்த வருஷமே, 2009 அக்டோபர் 28 அன்று, கூகுள் தன் மேப்பில் திருப்பத்துக்குத் திருப்பம் குரலில் வழி சொல்லும் வசதியை ஆண்ட்ராய்டு போனில் இலவசமா கொடுக்கப் போறதா அறிவிச்சது. கார்மின், டாம்டாம் ரெண்டு ஷேரும் விழுந்தன. பங்குச் சந்தை அன்னிக்கே புரிஞ்சுக்கிட்ட விஷயம் இது: எல்லார் பையிலும் இலவசமா இருக்கிற பொருளைக் காசுக்கு விற்க முடியாது. அதையேதான் இன்னைக்கும் ஷோரூம்ல "பிரீமியம் ஃபீச்சர்" என்று பேர் மாத்தி விற்கிறாங்க.

காசு கொடுத்து வாங்கின மேப்புக்கு இன்னொரு குறை, அது பழசாகும். காருக்குள்ள ஏத்தி வெச்ச மேப், அப்டேட் வந்து நீங்க அதைப் போட்டாத்தான் புதுசாகும். நம்ம ஊர்ல ரோடு எவ்வளவு வேகமா மாறுதுன்னு உங்களுக்கே தெரியும். புது பைபாஸ் வருது, மெட்ரோ வேலைக்காகத் தெரு ஒன்வே ஆகுது, மேம்பாலம் திறக்குது. போன் மேப் ஆயிரக்கணக்கான வண்டிகளின் நகர்வைப் பார்த்து டிராஃபிக்கைக் காட்டுது. கனெக்டட் கார் வசதியிலும் இதெல்லாம் வரும், ஆனா அதுக்கு சந்தா உண்டு. வழக்கமா முதல் சில வருஷம் இலவசம், அப்புறம் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். எத்தனை வருஷம் இலவசம், அதுக்கப்புறம் எவ்வளவு என்று எழுத்துல கேளுங்க.

"இலவசம்னா அவங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறவங்களுக்கு: நீங்க போற இடம், வர்ற நேரம் எல்லாம் தரவு. அதுதான் விலை. அது பிடிக்கலைன்னா கூகுள் மேப்பில் டைம்லைனை அணைச்சு வைக்கலாம். நம்ம நாட்டு மேப் மைஇந்தியாவின் மேப்பல்ஸ் ஆப் இருக்கு. ஆஃப்லைனில் மட்டுமே ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் இருக்கு. ரெண்டும் இலவசம்தான்.

கடையில் என்னென்ன இருக்கு, எதுக்கு எவ்வளவு?

விலை எல்லாம் தோராயம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

முதல் வழி, போனும் ஹோல்டரும். நல்ல ஹோல்டர் 500 முதல் 1,500 ரூபாய். வேகமா சார்ஜ் ஏத்தும் கார் சார்ஜரும் கேபிளும் ஒரு ஆயிரம் ரூபாய். மொத்தம் 2,500க்குள் முடியும். இதுல ஒரு சிக்கல், நம்ம வெயில். சித்திரை, வைகாசியில் டேஷ்போர்டு மேல வெச்ச போன் சூடாகி ஸ்கிரீன் மங்கும், சார்ஜ் ஏறாது, சில நேரம் அணைஞ்சே போகும். ஏசி காற்று வர்ற வென்ட்ல மாட்டுற ஹோல்டர் இதுக்கு நல்ல மருந்து. ஏர்பேக் மூடி மேலயும், ரோட்டை மறைக்கிற மாதிரி கண்ணாடி நடுவுலயும் ஒட்டாதீங்க.

ரெண்டாவது, காரோட வர்ற ஸ்கிரீனில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்பிளே. போனில் ஓடுற மேப் அப்படியே கார் ஸ்கிரீனில் தெரியும். பல கார்களில் இது நடு வேரியன்ட்டிலேயே வந்துடுது. என்னைக் கேட்டா இதுதான் சரியான இடம். மேப் போன்ல இருக்கு, அதனால பழசாகாது. ஸ்கிரீன் பெருசா, கண் மட்டத்தில் இருக்கு. போனை மாத்தினா நேவிகேஷனும் தானா புதுசாகுது. "உள்ளேயே நேவிகேஷன்" இருக்கிற டாப் வேரியன்ட் வாங்கிட்டு, கடைசியில் போனை இணைச்சு கூகுள் மேப் பார்க்கிறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

மூணாவது, வெளியே வாங்கி மாட்டும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கும் அடிப்படை வேரியன்ட் வாங்குறவங்களுக்கும் ஏத்தது. 8,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்கு மேலேயும் இருக்கு. இதை நீங்க தனியா வாங்கி மாட்டுறதால எக்ஸ்-ஷோரூம் விலையில் சேராது, அதனால சாலை வரியும் ஏறாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனா கடை கடையா கிடைக்கும். நாலு விஷயம் கேளுங்க. உங்க கார் மாடலுக்கான கப்ளர் இருக்கா, இல்லை ஒயரை வெட்டிச் சேர்ப்பாங்களா? ஒயரை வெட்டினா கார் கம்பெனி எலக்ட்ரிக்கல் வாரன்டியை மறுக்க வாய்ப்பு இருக்கு. ஜிபிஎஸ் ஆன்டெனாவை எங்கே வைப்பாங்க? உலோகத்துக்கு அடியில் வெச்சா சிக்னல் சரியா வராது. ராம் எவ்வளவு? ரொம்பக் குறைவா இருந்தா ஆறு மாசத்துல மேப் திணறும். ஜிஎஸ்டி பில் தருவாங்களா? பில் இல்லைன்னா வாரன்டியும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை.

இன்சூரன்ஸைப் பத்தி ஒரு வரி. கம்பெனியில் இருந்தே வர்ற ஸ்கிரீன் காரின் காப்பீட்டு மதிப்பிலேயே அடங்கும். வெளியே மாட்டின ஸ்டீரியோவை பாலிசியில் தனியா சொல்லி, பொதுவா அதன் மதிப்பில் 4% பிரீமியம் கட்டினாத்தான் கிளெய்ம் வரும். 15,000 ரூபாய் ஸ்டீரியோன்னா வருஷம் 600 ரூபாய்.

நாலாவது, தனி நேவிகேஷன் கருவி. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இன்னைக்கு சொந்தக் காருக்கு இதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியலை.

அஞ்சாவது, டாப் வேரியன்ட்டின் உள் நேவிகேஷன். மேலே பார்த்த 1.20 லட்சம் கதை.

இதுல சேராத ஒண்ணையும் சொல்லிடணும். நம்ம ஊர்ல "வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்டணும்" என்று சொன்னா பாதிப் பேர் நினைக்கிறது டிராக்கரை. நேவிகேஷன் உங்களுக்கு வழி சொல்லும். டிராக்கர், வண்டி எங்கே இருக்குன்னு இன்னொருத்தருக்குச் சொல்லும். அதுக்கு சிம் வேணும், வருஷச் சந்தா வேணும். வண்டியை டிரைவர் கிட்ட கொடுக்கிறவங்களுக்கும், திருட்டு பயம் இருக்கிறவங்களுக்கும் அது உபயோகம். கடையில் போய் வெறுமனே "ஜிபிஎஸ்" என்று கேட்காதீங்க. எது வேணும்னு சொல்லிக் கேளுங்க.

நெட்வொர்க் இல்லாத மலையில் என்ன பண்றது?

உள் நேவிகேஷனுக்கு ஆதரவா சொல்ற வாதங்களிலேயே நியாயமானது இது ஒண்ணுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையின் 40, திம்பத்தின் 27. இந்த மாதிரி காட்டுப் பாதைகளில் டவர் வரும், போகும். போன் அங்கே கைவிட்டுடாதா?

விடாது. இங்கே ஒரு விஷயம் புரியணும். சாட்டிலைட் சிக்னலுக்கும் மொபைல் டேட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை. உங்க போன் வானத்திலிருந்து வர்றதைக் கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருக்கு, எதையும் அனுப்பலை. டேட்டா தேவைப்படுறது மேப் படத்தை இறக்கவும் டிராஃபிக்கைப் பார்க்கவும்தான். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வைஃபையில் அந்தப் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வெச்சுட்டா, டவர் இல்லாத இடத்திலும் காருக்கான வழியைச் சொல்லிக்கிட்டே போகும். டிராஃபிக் தெரியாது, அவ்வளவுதான். இறக்கின மேப்புக்குக் காலாவதி உண்டு. அதனால நீண்ட பயணத்துக்கு முதல் நாள் ஒரு தடவை அப்டேட் பண்ணிடுங்க. இந்த ரெண்டு நிமிஷ வேலைக்குத்தான் 1.20 லட்சம் கேட்கிறாங்க.

எந்தக் கருவியாலும் முடியாத விஷயங்களும் இருக்கு. மேம்பாலத்து மேல போறீங்களா, அடியில் சர்வீஸ் ரோட்டில் போறீங்களான்னு சாட்டிலைட்டுக்கு எப்பவும் சரியா தெரியாது. கத்திப்பாராவில் ஒரு தடவையாவது குழம்பாதவங்க உண்டா? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் வேணும், அதை எந்த ஸ்கிரீனும் எடுத்துத் தராது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், பாதி இடிஞ்சு கிடந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூணு பேர் இறந்துபோனாங்க. மேப் காட்டின வழியில் போனதா செய்தி வந்தது. விலை கூடின கருவி வாங்கினா பாதுகாப்பு கூடும்னு நினைக்க வேண்டாம். தெரியாத ரோட்டில், அதுவும் ராத்திரியில், கண்ணாடிக்கு வெளியே தெரியறதுதான் முதல் மேப்.

சட்டம் என்ன சொல்லுது? 2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகள், வழி பார்க்கிறதுக்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் போனைப் பயன்படுத்த இடம் கொடுக்குது. பேசுறது, டைப் பண்றது எல்லாம் ஆபத்தான ஓட்டுதலில் வரும். முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் போகலாம். அதனால மடியில் வெச்சு, கையில் பிடிச்சு மேப் பார்க்காதீங்க. 800 ரூபாய் ஹோல்டரை மிச்சம் பிடிக்கிறது சிக்கனம் இல்லை, கஞ்சத்தனம்.

ஷோரூமில் சொல்லும் நாலு காரணங்கள்

"ரீசேல் நல்லா வரும் சார்." கொஞ்சம் வரும், போட்டது வராது. இன்சூரன்ஸ் கணக்குப்படியே நாலு வருஷம் தாண்டி அஞ்சாவது வருஷத்தில் இருக்கிற காரின் மதிப்பில் 50% கழிச்சுடுறாங்க. எலக்ட்ரானிக்ஸ் அதைவிட வேகமா பழசாகும். அஞ்சு வருஷத்துக்கு முந்தின போனை இன்னைக்கு யாராவது நல்ல விலைக்கு வாங்குவாங்களா? அதோட நீங்க கட்டின சாலை வரி வித்தியாசத்தை எந்த வாங்குறவரும் தனியா எண்ணித் தர மாட்டார்.

"இனிமே டோல் எல்லாம் சாட்டிலைட்லதான் சார், ஜிபிஎஸ் இருக்கணும்." 2024 செப்டம்பரில் அதுக்கான விதி வந்தது உண்மை. 2025 மே 1 முதல் நாடு முழுக்க வரப் போகுதுன்னு பரவின பேச்சை மத்திய அமைச்சகமே ஏப்ரலில் மறுத்தது. எப்போ வந்தாலும் அதுக்கு வேண்டியது அரசு ஏத்துக்கிட்ட தனிக் கருவி. உங்க கார் ஸ்கிரீன் அந்த வேலையைச் செய்யாது. நெடுஞ்சாலையில் அடிக்கடி போறவங்க இன்னைக்குப் பார்க்க வேண்டியது ஃபாஸ்டேக் வருஷ பாஸ். 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முன்னாடி முடியுதோ அது வரைக்கும்.

"இதுல நாவிக் சப்போர்ட் இருக்கு." நாட்டுக்குப் பெருமையான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனா ஜிபிஎஸ், கலிலியோ எல்லாம் ஏற்கனவே பிடிக்கிற போனை வெச்சிருக்கிற நீங்க வீட்டிலிருந்து ஆபீஸ் போறதுல அதனால பெரிய வித்தியாசம் தெரியாது. அதுக்காகத் தனியா காசு கொடுக்கத் தேவையில்லை.

"பிசினஸ்ல காட்டிக்கலாம் சார், வரி மிச்சம்." இதைக் கேட்டாத்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது. சம்பளக்காரங்களுக்குச் சொந்தக் காரில் ஒரு கழிவும் கிடையாது. தொழில் பண்றவங்களுக்கும், டிரைவரோட சேர்த்து 13 பேருக்குள் உட்காரும் காருக்கு ஜிஎஸ்டி கிரெடிட் எடுக்க முடியாது. டாக்ஸி, டிரைவிங் ஸ்கூல், கார் விற்பனை மாதிரி சில தொழில்களுக்கு மட்டும்தான் விலக்கு. வருமான வரியில் காருக்கு ஆண்டுக்கு 15% தேய்மானம் உண்டு. 1,19,800 ரூபாய்க்கு முதல் வருஷம் 17,970. நீங்க 30% வரி கட்டுறவரா இருந்தா மிச்சம் ஆகிறது சுமார் 5,400 ரூபாய். அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவா ஓடினா அதுலயும் பாதி. சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கழிச்சா இன்னும் குறையும். நம்ம எல்லாரும் 44ஏடி என்று சொல்ற உத்தேச வருமானத் திட்டத்தில் இருக்கிற கடைக்காரங்களுக்குத் தேய்மானம் தனியா கிடைக்கவே கிடைக்காது. 5,400 மிச்சம் பண்ண 1.20 லட்சம் செலவு பண்ணச் சொல்லி எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார்.

அப்போ யார் எதை வாங்கலாம்?

மாசச் சம்பளம், வார நாளில் ஆபீஸ், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை சொந்த ஊர்: ஆண்ட்ராய்டு ஆட்டோ வர்ற வேரியன்ட் உங்க பட்ஜெட்டில் இருந்தா அது. இல்லைன்னா ஹோல்டர் போதும். அதுக்கு மேல வேண்டாம்.

பழைய கார் வெச்சிருக்கிறவங்க: கார் இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்னா 12,000 முதல் 15,000 ரூபாயில் ஸ்டீரியோ மாட்டலாம், ரிவர்ஸ் கேமராவும் சேர்த்து. ரெண்டு வருஷத்துல விக்கப் போறீங்கன்னா ஹோல்டர்.

சொந்தமா டாக்ஸி ஓட்டுறவங்க: டூட்டி ஆப் ஒரு போன்ல, மேப் அதே போன்ல, கஸ்டமர் கால் அதே போன்லன்னு பத்து மணி நேரம் ஓட்டினா பேட்டரி ஒரு வருஷத்துல போயிடும். உங்களுக்குத் தனி ஸ்கிரீன் ஆடம்பரம் இல்லை, தொழில் கருவி. ஸ்டீரியோ போடுங்க, பில்லைப் பத்திரமா வெச்சுக்கோங்க. வாடகைக்கு ஓடும் காருக்குத் தேய்மானமும் 15% இல்லை, 30%.

வீட்டில் வயசான அப்பா, அம்மா ஓட்டுறாங்க, போனை இணைக்கிறதே அவங்களுக்குத் தலைவலி என்றால்: உள் நேவிகேஷனுக்கு இங்கே ஒரு நியாயம் இருக்கு. ஆனாலும் போனை ஒயர் இல்லாம தானா இணைச்சுக்கிற வசதி நடு வேரியன்ட்டில் இருக்கான்னு முதல்ல பாருங்க. ஒரு தடவை நீங்க செட் பண்ணிக் கொடுத்தா, வண்டியில் ஏறினதும் மேப் வந்துடும்.

கடைசியா, டாப் வேரியன்ட்டில் உங்களுக்குப் பிடிச்சது பாதுகாப்பு வசதி என்றால், அதாவது நடு வேரியன்ட்டில் இல்லாத ஏர்பேக்கோ, வண்டி சறுக்காம பிடிக்கிற ஈஎஸ்சியோ அதுல இருந்தா, தாராளமா வாங்குங்க. அது உயிர் சம்பந்தப்பட்டது, அதில் நான் கணக்குப் பார்க்கச் சொல்ல மாட்டேன். ஆனா 1.20 லட்சத்தை எதுக்காகக் கொடுக்கிறோம்னு உங்களுக்கே தெளிவா தெரியணும். "நேவிகேஷன் வருதே" என்று ஆரம்பிச்சு, சன்ரூஃப், ஆம்பியன்ட் லைட் என்று போய், கடைசியில் ஏர்பேக்கைச் சொல்லி மனசைச் சமாதானம் பண்ணிக்கிறதுதான் தப்பு.

புக்கிங் அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி மூணே மூணு வேலை. ரெண்டு வேரியன்ட்டுக்கும் முழு ஆன்-ரோடு கொட்டேஷன் எழுத்துல வாங்குங்க, சாலை வரியும் டிசிஎஸ்ஸும் தனித்தனி வரியில் இருக்கணும். அக்சஸரி எல்லாம் கட்டாயம் இல்லை, வேணும்கிறதை மட்டும் தனி பில்லில் கேளுங்க. டெஸ்ட் டிரைவ் போகும்போது உங்க சொந்த போனை அந்த காரில் இணைச்சு, பக்கத்து ஊருக்கு வழி போட்டு ஓட்டிப் பாருங்க. அது ஒழுங்கா வேலை செஞ்சா, உங்க நேவிகேஷன் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இஎம்ஐ 1,930 ரூபாய் குறைஞ்சதும்தான்.

இந்தக் கணக்கை உங்க கார் விலையைப் போட்டு நீங்களே பார்க்கிற மாதிரி அடுத்த வீடியோவில் ஒரு எக்செல் ஷீட்டோட காட்டுறேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்ட அவசரப்படாதீங்க.